ஒன்பது வருஷ மூட்டு

வினோதினியின் இடுப்பு சத்தம் போட ஆரம்பித்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் அவள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கதவு என்றாள். மாடி வீட்டுக்காரர் நாற்காலியை இழுக்கிறார் என்றாள்.

ஞானவேல் பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் சக்கரப் பிரிவில் வேலை பார்த்தவர். காய்ந்த பேரிங் எப்படிக் கத்தும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்காம் நாள் காலை அவள் அடுப்படியிலிருந்து காபியோடு வரும்போது பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இடது பக்கம். காலைத் தூக்கும்போது இல்ல, ஊனும்போது. வறட்டு ஓட்டம் ஓடுது.”

“யோவ், நான் என்ன வேகனா?”

“வேகனா இருந்தா இந்நேரம் ஓரங்கட்டியிருப்பேன்.”

அவள் காபியை வைத்துவிட்டுத் திரும்பிப் போனாள். எட்டு அடிக்கு நாலு முறை கிரீச் என்றது. அவர் எண்ணினார்.

அவரை ‘யோவ்’ என்று கூப்பிட உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் பாத்தியதை. நாற்பத்தேழு வருஷத்துக்கு முன்னால், சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பிய டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தவரைப் பார்த்து, தோளில் பையோடு நின்ற கண்டக்டர் வினோதினி சொன்ன முதல் வார்த்தை அது. ஆட்கள் முன்னால் மட்டும் ‘நீங்க’ என்பாள். அவள் ஓய்வு பெற்ற சில வருஷங்களில் திருச்சியில் கண்டக்டர் என்ற வேலையே இல்லாமல் போனது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இருவருக்கும் ஒரே மாதத்தில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். அவருக்கு வலது, அவளுக்கு இடது. ஓடும் பஸ்ஸில் முப்பது வருஷம் நின்றதில் அவளுக்கு மூட்டு போயிற்று. அவருக்கு உட்கார்ந்தே போயிற்று என்று அவள் சொல்வாள். ஓய்வுபெற்றதிலிருந்து அதுவரை அவர் பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்தது குறைவு.

அப்போதே மூட்டு ஆயுள் பார்த்துத்தான் கொடுக்கப்பட்டது. மூட்டின் மேல் பூசும் பீங்கானுக்கு வேண்டிய மண் உலகத்தில் கொஞ்சமாகத்தான் மிச்சம் இருந்தது. எண்பது வயதுக்காரருக்கு நாற்பது வருஷ மூட்டைப் போட்டால், அதில் முப்பது வருஷம் அவரோடு சேர்ந்து எரிந்துபோகிறது என்று யாரோ கணக்குச் சொன்னார்கள். சட்டம் வந்தது. மாவட்டத்துக்கு ஓர் அளவை நிலையம். இருபத்தோரு நாள் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு நடமாட வேண்டும். இன்னும் எத்தனை வருஷம் என்பதை இயந்திரம் சொல்லும். அத்தனை வருஷம் உழைக்கும் மூட்டு கிடைக்கும். அந்த எண்ணை ஒட்டிய கவரில் கொடுப்பார்கள். பிரிப்பதும் பிரிக்காததும் அவரவர் விருப்பம்.

பெரும்பாலும் பிரித்தார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சுகர் எவ்வளவு என்று கேட்பதுபோல மூட்டு எவ்வளவு என்று கேட்டார்கள். சின்ன எண் வந்தவர்களின் வீட்டுக்குப் பிள்ளைகள் அடிக்கடி வந்தார்கள். பெரிய எண் வந்தவர்களின் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டு தேவசகாயத்துக்கு ஆறு. கண்புரை ஆபரேஷன் வேண்டாம் என்றுவிட்டார். வளர்த்த நாயைத் தம்பி வீட்டுக்கு அனுப்பினார். கடைசி ஒரு வருஷம் கட்டிலை விட்டே இறங்கவில்லை. ஐந்தாவது வருஷமே போய்ச் சேர்ந்தார்.

அவரை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ஞானவேலும் வினோதினியும் பேசி முடிவெடுத்தார்கள். நம் கவரை நாம் பிரிப்பதில்லை. மறு வருஷம் இருவருக்கும் மூட்டு மாற்றியபோது, இரண்டு கவரையும் சமயபுரம் மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்கள்.

காபியைக் குடித்து முடித்ததும் ஞானவேல் சட்டையை மாட்டினார். அளவை நிலையத்துக்குப் போகலாம் என்றார். வினோதினி வேண்டாம் என்று பத்துக் காரணம் சொன்னாள். பதினொன்றாவது காரணத்தைச் சொல்ல எழுந்தபோது அவளால் இடது காலை ஊன்ற முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அளவை நிலையத்தில் தேய்மானம் பார்க்கிறவள் ரெஜினா. நாற்பது வயதிருக்கும். வினோதினியைக் கட்டிலில் படுக்க வைத்து, இடுப்புக்கு மேலே ஒரு தட்டைப் பிடித்தாள். மூட்டுக்குள் ஒரு சில்லு இருக்கிறது, போட்ட நாளிலிருந்து வைத்த ஒவ்வோர் அடியையும் அது பதிந்து வைத்திருக்கிறது என்றாள். திரையில் எண்கள் வந்தன. அவற்றை மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். பிறகு, “கவரைப் பிரிச்சாச்சாம்மா? பிரிக்கலைன்னா நான் சில விஷயம் பேசக்கூடாது,” என்றாள்.

“பிரிச்சாச்சு,” என்றாள் வினோதினி.

ஞானவேல் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது ஒன்பது வருஷ மூட்டு. எட்டு வருஷம் ரெண்டு மாசம் ஓடியிருக்கு. பீங்கான் சுத்தமா போயிடுச்சு. ஆனா இது ஒன்பது வருஷத்துக்குக் குறையாம உழைக்கணும். நீங்க இவ்வளவு நடப்பீங்கன்னு மிஷின் எதிர்பார்க்கல. மூணு பேர் நடையை நடந்திருக்கீங்க.”

ஒன்பது. ஞானவேல் கணக்குப் போட்டார். எட்டைக் கழித்தால் ஒன்று. எதிரே கிடப்பவள் இன்று காலை காபி போட்டவள். அவர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு மூட்டு கிடைக்குமா என்று கேட்டார். மறுபடி அளக்க வேண்டும், மறுபடி இருபத்தோரு நாள் பெல்ட் என்றாள் ரெஜினா. ஐந்து வருஷத்துக்குக் கீழே வந்தால் மூட்டு இல்லை. சக்கர நாற்காலி எழுதிக் கொடுப்பார்கள். இந்தக் காலை வைத்துக்கொண்டு அம்மா இருபத்தோரு நாள் நடப்பது கஷ்டம்தான், வலி மூச்சைக் கெடுக்கும், எண் குறையும் என்பதையும் மெதுவாகச் சொன்னாள்.

“மூச்சா?” என்றார் ஞானவேல்.

“பெல்ட் ரெண்டு விஷயம் பார்க்கும் சார். காலடி, மூச்சு. காலடி ஆளைச் சொல்லும், கைரேகை மாதிரி. மூச்சு வருஷத்தைச் சொல்லும். முன்னெல்லாம் காலடி பதிவாகும், ஆனா மூச்சை மட்டும்தான் பாத்தாங்க. பெல்ட்டை மாத்திக் கட்டிக்கிட்டு வந்தாங்க சிலர். அதனால இப்ப காலடியை மூட்டுல இருக்கற பழைய பதிவோட ஒப்பிட்டுப் பார்க்கறோம்.” பேசிக்கொண்டே அவள் பழைய கோப்பைத் திறந்தாள். “இதுதான் எட்டு வருஷத்துக்கு முன்னால நீங்க பெல்ட்டோட நடந்தது. அப்ப எவ்வளவு மோசமா நடந்திருக்கீங்க பாருங்க. இப்ப மூட்டுல இருக்கற நடையைப் பாத்தா வேற ஆளு மாதிரி இருக்கு.”

திரையில் இரண்டு பாதச் சுவடுகள் நடந்தன. நாற்பது அடி வைத்தன. நின்றன. நாற்பது அடி. நின்றன. இடது பாதம் நேராகப் போயிற்று. வலது பாதம் ஒவ்வோர் அடிக்கும் வெளிப்பக்கம் திரும்பிற்று.

ஞானவேலின் வலது காலில் இரண்டு விரல் கிடையாது. பணிமனையில் ஒரு சக்கரம் விழுந்து போனது. அன்றிலிருந்து அந்தப் பாதம் வெளிப்பக்கம்தான் திரும்பும்.

அவர் தன் நடையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரெஜினா வினோதினிக்குப் புதுப் பெல்ட்டைக் கட்டிக் காட்டினாள், எப்போதெல்லாம் கழற்றலாம் என்று சொன்னாள். அவர் காதில் எதுவும் விழவில்லை.

வெளியே பேருந்து நிறுத்தத்தில் இவர்களைத் தவிர யாரும் இல்லை. வினோதினியை உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார்.

“அந்த நடை என்னோடது.”

அவள் சாலையைப் பார்த்தாள். “ஆமா.”

“பெல்ட்டை மாத்திக் கட்டினியா?”

“தினம் உனக்குக் கட்டிவிட்டது யாரு? உன் தொப்பைக்குப் பின்னால கொக்கி எட்டுமா? என்னோடதை உனக்கு மாட்டினேன், உன்னோடதை நான் மாட்டிக்கிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருந்துச்சு.”

“எதுக்கு?”

“நீ சேரை விட்டு எழுந்திருக்கலய்யா. மிஷின் உனக்குக் கம்மியாத்தான் போடும்னு தெரியும். நீ கவரைப் பிரிக்காம இருக்க மாட்டேன்னும் தெரியும். பிரிச்சுப் பாத்தா தேவசகாயம் அண்ணன் மாதிரி நீயும் படுத்துருவ.”

“நான் பிரிக்கல.”

அவள் அவரைப் பார்த்தாள். டிக்கெட் எடுத்துவிட்டேன் என்று சொல்கிறவனைப் பார்க்கும் பார்வை அது. அவரால் அதற்கு முன்னால் எப்போதும் நிற்க முடிந்ததில்லை.

“ஆஸ்பத்திரியிலேயே பிரிச்சிட்டேன்,” என்றார். “பாத்ரூம்ல வச்சு. சோத்துப் பருக்கையால ஒட்டி வச்சேன்.”

“எவ்வளவு?”

“இருபத்தாறு.”

“இருபத்தாறா,” என்றாள். பரீட்சை முடிவைக் கேட்டதுபோல அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. தன்னுடைய எண் எவ்வளவு என்பது அவளுக்கு இப்போதுதான் தெரியும். எட்டு வருஷமாக அவருடைய கவரை அவள் தொடவில்லை.

அந்த இருபத்தாறுதான் அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது. இருபத்தாறு வருஷத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கழிக்க முடியாது என்று அன்று ஆஸ்பத்திரியில் நினைத்தார். நடக்க ஆரம்பித்தார். தொப்பை கரைந்தது. ரயில்வே மைதானத்தில் பூப்பந்து ஆட்டத்துக்கு நடுவராகப் போனார். ஒரு நாள் ஆள் குறைந்தது, மட்டையை வாங்கினார். இப்போது எழுபத்து நான்கு வயதில் மூத்தோர் அணியில் நடு ஆட்டக்காரர். தினம் நாலு மணிக்கு ஆட்டம். எல்லாம் அவளுடைய மூச்சை நம்பி.

“அப்போ அந்த ஒன்பது,” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார்.

“உன்னோடது,” என்றாள் வினோதினி. “இன்னும் பத்து மாசம் இருக்கு.”

ஒரு லாரி போயிற்று. ஞானவேல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். போன பொங்கலிலிருந்து அவள் தன்னைத் திட்டவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கேட்ட அன்றைக்கே மீன் குழம்பு. குறட்டை விட்டால் எழுப்புவதில்லை. வயதாகி அடங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தார். அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல வினோ. கல்லு மாதிரி இருக்கேன்.”

“தெரியுது. கண்ணுக்குத் தெரியுது. எண்ணு அதுபாட்டுக்கு இடுப்புல இருக்கு. ஒவ்வொரு அடிக்கும் கேக்குது.”

பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை.

அவர் திட்டத்தைச் சொன்னது அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான். அவளுடைய பெல்ட்டை அவர் கட்டிக்கொள்வார். அவளைப் போலவே நடப்பார். காலடி அவளுடையதாக இருக்கும், மூச்சு நன்றாக இருக்கும், மூட்டு கிடைத்துவிடும். அவள் முடியாது என்றாள். மாட்டிக்கொள்வோம் என்பதற்காக இல்லை.

“மூச்சு உன்னோடது. மிஷின் உன் கணக்கைத்தான் சொல்லும். ஒண்ணுன்னு சொன்னா? அந்தக் கவரை நான் எப்படிய்யா கையில வாங்குவேன்?”

“பிரிக்காத. அஞ்சுக்கு மேலன்னா மூட்டு தானா வரும்.”

“வரலைன்னா?”

“உனக்குச் சக்கர நாற்காலி. தள்ள நான் இருக்கேன்.”

“பத்து மாசம்,” என்றாள்.

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சரி என்றாள்.

அன்று சாயங்காலமே பாடம் தொடங்கிற்று. வினோதினி நாற்காலியில் உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டிக்கொண்டாள். அவர் ஹாலில் நடந்தார்.

“காலை அகட்டி வை. குதிகாலை முதல்ல வைக்காத, பாதத்தை முழுசா வை. முட்டியை விறைக்காத. அவன் எப்ப பிரேக் போடுவான்னு தெரியாது.”

“யாரு?”

“டிரைவர்.”

“ஹால்ல ஏது டிரைவர்?”

“நான் கோயில்லயும் அப்படித்தான் நடப்பேன். உனக்கு எங்க தெரியும், நீ என்னிக்குத் திரும்பிப் பாத்த.”

உண்மைதான். நாற்பத்தேழு வருஷம் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்தே போயிருந்தார். அவளுடைய நடையை இப்போதுதான் கற்றார். எதையும் பிடிக்காமல் நிற்பது. இடது தோளை ஒரு பைக்கு இடம் விட்டுத் தாழ்த்திக்கொள்வது. எதிரே வருகிறவருக்கு உடம்பைத் திருப்பி வழி விடுவது. வலது செருப்பில் இல்லாத விரல்களின் இடத்தில் துணியைச் சுருட்டி வைத்தார். பாதம் நேராயிற்று. அவள் நாக்கை மடித்து விசில் அடிப்பாள். ஒன்று அடித்தால் நிற்க வேண்டும். இரண்டு அடித்தால் போக வேண்டும்.

இருபத்தோரு நாள் பொன்மலைச் சந்தையிலிருந்து மைதானம் வரைக்கும் அப்படி நடந்தார். பூப்பந்து ஆடுகிறவர்கள் கப்பலில் போகிறீர்களா அண்ணே என்று கேட்டார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. மூன்றாவது வாரத்தில் அவருக்கே ஒன்று தெரிந்தது. இந்த நடையில் விழவே முடியாது. பூமி எந்தப் பக்கம் திரும்பினாலும் நிற்கலாம். இப்படி நடக்கிற ஒருத்தி பின்னாலேயே வந்ததால்தான் இத்தனை வருஷம் தானும் விழாமல் இருந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டார். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், இப்போதாவது தெரிந்ததே என்பாள்.

பெல்ட்டைத் திருப்பிக் கொடுத்த நான்காம் நாள் அளவை நிலையத்திலிருந்து அழைத்தார்கள். வினோதினி ஊன்றுகோலோடு வந்தாள். ரெஜினா அவளைத் தாழ்வாரத்துப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, ஒரு கையெழுத்து வேண்டும் என்று ஞானவேலை மட்டும் உள்ளே அழைத்தாள்.

“காலடி ஒத்துப்போகுது சார். அச்சு அசலா அம்மா நடைதான்.”

“அவ நடை அப்படித்தான்.”

“பதினேழாவது நாள் சாயங்காலம் நாலு மணிக்கு மட்டும் கொஞ்சம் வித்தியாசமா இருக்கு. ஒன்றரை மணி நேரம் முன்னால பின்னால ஓடியிருக்காங்க. அறுபத்திரண்டு தடவை குதிச்சிருக்காங்க.”

பதினேழாவது நாள் ஸ்ரீரங்கத்து அணியோடு இறுதி ஆட்டம். மற்ற நாளெல்லாம் பெல்ட்டைக் கழற்றி வலைக் கம்பத்தில் மாட்டிவிட்டுத்தான் ஆடினார். அன்று அவசரத்தில் மறந்துவிட்டார்.

“பஸ்ஸுக்கு ஓடியிருப்பா,” என்றார்.

“ஒன்றரை மணி நேரமா?”

அவர் தரையைப் பார்த்தார். எல்லாம் முடிந்தது என்று தோன்றியது. அவள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. ஊன்றுகோலை மடியில் வைத்திருந்தாள்.

“எங்கம்மா கவரை நான்தான் சார் பிரிச்சேன்,” என்றாள் ரெஜினா. “ஏழு. அம்மாகிட்ட சொல்லல. ஆனா அன்னிலேருந்து அம்மாவை நான் வேற மாதிரி பாத்தேன். அவங்க அதைக் கண்டுபிடிச்சிட்டாங்க.” திரையில் எதையோ அழித்தாள். “அந்த ஒரு நாளை எடுத்துட்டேன். இருபது நாளும் செல்லும். இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க.”

போட்டார். வேகமாகக் கிறுக்கியதில் அது அவருடைய கையெழுத்து மாதிரியே இல்லை. ரெஜினா அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள். மூட்டு கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் ஆபரேஷன் என்று சொல்லி, கவரை எடுத்துப்போய் விதிப்படி வினோதினியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

ஞானவேல் வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

“கிடைச்சிருச்சு,” என்றார்.

“சொன்னாங்க. அஞ்சுக்கு மேலன்னா ஆறும் அஞ்சுக்கு மேலதான்.”

“பிரிக்க வேண்டாம்னா வேண்டாம். கிழிச்சுப் போட்டுடலாம்.”

அவள் கவரை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த விரல்களால் ஓரத்தை ஒரே இழுப்பில் கிழித்தாள். உள்ளே இருந்த துண்டுத் தாளைப் படித்தாள். ஒரு தடவை படிக்க வேண்டியதை நாலு தடவை படித்தாள். அவள் தோள் மெதுவாக இறங்கியது. அது இத்தனை நாள் ஏறியிருந்தது என்பதே இறங்கியபோதுதான் அவருக்குத் தெரிந்தது.

“பதினாலு,” என்றாள்.

“யாருக்கு?”

“மூட்டு எனக்கு. வருஷம் உனக்கு.”

தாளை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். அவர் கையை எடுத்து மடியில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். தாழ்வாரத்தில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். அவள் விடவில்லை. உனக்கு எத்தனை என்று யாரும் பார்க்கவே இல்லையே வினோ என்று அவர் கேட்டார்.

“பாத்தாச்சே. இருபத்தாறு. உன் இடுப்புலதான் இருக்கு.”

அவர் தலையாட்டினார். இருபத்தாறில் எட்டு போயிற்று, அவளுக்குப் பதினெட்டு. பதினெட்டில் தன்னுடைய பதினாலு போனால் நாலு.

“நாலு,” என்றார்.

“என்ன நாலு?”

“ஒண்ணுமில்ல.”

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஞானவேல் அவளை எழுப்பாமல் எழுந்தார். இன்னும் நாலு வருஷத்தைச் சேர்க்கச் சாயங்காலம் மட்டும் நடந்தால் போதாது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, தெருவில் இறங்கினார்.